ஆப்ல 1.2 மீட்டர், கடல்ல ஒண்ணுமே இல்ல! கோவளம் அலை கேள்வி பதில்

ஆடி பொறந்தாச்சு, சனி ஞாயிறு விடியக்காலையில ஈசிஆர்ல கார் மேல சர்ஃபிங் போர்டு கட்டிட்டுப் போறவங்க கூட்டம் ஆரம்பிச்சாச்சு. சென்னைக்குத் தெக்கே இருக்கற நம்ம கோவளத்துக் கடல், அலை, காத்து, மழை பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம், குவிஞ்சதுல கொஞ்சத்தை எடுத்து இங்க பதில் போட்டிருக்கேன். எனக்கு வானிலைப் படிப்பெல்லாம் கிடையாது, ரொம்ப வருஷமா குப்பத்துக் கரையில டீ கிளாஸோட நின்னு கடலைப் பாக்கற ஆளு, பாத்ததையும் கேட்டதையும் படிச்சதையும் வெச்சு சொல்றேன்.

அண்ணே, போன மாசம் ஒரு சனிக்கிழமை அலை எப்படி வரும்னு முன்கூட்டியே சொல்ற ஆப்ல 1.2 மீட்டர்னு போட்டிருந்துச்சு, வேளச்சேரிலேர்ந்து அஞ்சு மணிக்கே கிளம்பி வந்தா கடல் சும்மா கொழகொழன்னு கெடந்துச்சு. அடுத்த வாரம் 0.9 தானேன்னு அசால்ட்டா எறங்கினேன், வாங்கின அடியில காது வரைக்கும் மணல். ஆப்பை நம்பறதா வேணாமா?
– ஐடி தம்பி, வேளச்சேரி

தம்பி, ஆப் பொய் சொல்லல, நீங்க அதுல இருந்த மூணு நம்பர்ல ஒண்ணை மட்டும் பாத்துட்டு வண்டியை எடுத்துட்டீங்க. உயரத்துக்குப் பக்கத்துலயே செகண்டு கணக்குல ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல எவ்ளோ நேரம்னு. அதுதான் உண்மையான தலைவரு, உயரம் அவருக்கு பிஏ மாதிரி. 7 செகண்டு அலைன்னா ஆழ்கடல்ல ஒரு முகட்டுலேர்ந்து அடுத்த முகடு சுமார் 76 மீட்டர், 14 செகண்டுன்னா அதே தூரம் 300 மீட்டரைத் தாண்டிடும். அவ்ளோ நீளமான அலை தரையை சீக்கிரமே தொட ஆரம்பிக்கும், தொட்டதும் வேகம் குறையும், பின்னாடி வர்ற தண்ணி முன்னாடி ஏறும், அப்படியே எழும்பி நிக்கும். அதனால நடுக்கடல்ல 0.9 மீட்டரா இருந்தது கரைகிட்ட வரும்போது உங்க தலைக்கு மேல வந்து நின்னிருக்கும். 1.2 மீட்டர் 6 செகண்டுங்கறது பக்கத்துல அடிச்ச காத்துல கிளம்பின சலசலப்பு, அதுல போர்டை வெச்சுட்டு என்ன பண்றது, துணி துவைக்கலாம்.

நீள அலை எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க. பூமியோட தெக்குக் கோடியில, அண்டார்டிகாவைச் சுத்தி இருக்கற கடல்ல அடிக்கற புயல்லேர்ந்து வருது. 15 செகண்டு அலைக்கூட்டம் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், அதனால நீங்க சனிக்கிழமை ஏறி நின்ன அலை போன சனிக்கிழமையே யாரும் இல்லாத ஒரு கடல்ல பொறந்துட்டுது. இவ்ளோ முன்னாடியே கிளம்பறதாலதான் ஆப்காரங்களால ஒரு வாரத்துக்கு முன்னாடியே அலை வருதுன்னு சொல்ல முடியுது, காத்து விஷயத்துலதான் ரெண்டு மூணு நாளுக்கு மேல சொதப்புவாங்க.

மூணாவது நம்பர் திசை. இதுல நம்மூருக்குன்னு ஒரு தலைவலி இருக்கு, மேப்பை எடுத்துப் பாருங்க, கோவளத்துலேர்ந்து நேரா தெக்கே கோடு போட்டா இலங்கை வந்து குறுக்க உக்காந்திருக்கும். தென்மேற்குலேர்ந்தோ நேர் தெற்குலேர்ந்தோ வர்ற அலையை அந்தத் தீவே வாங்கிக்கும், நமக்கு ஓரத்துல வளைஞ்சு வந்த மிச்சம்தான். தென்கிழக்குப் பக்கமா கொஞ்சம் சாஞ்சு வந்தாதான் நேரா நம்ம கரைக்கு வரும். அதே வாரம் இலங்கையோட கிழக்குக் கரையில பொத்துவில் பக்கத்து அறுகம்பேல ஜமாய்ச்சுட்டு போட்டோ போடுவாங்க, நாம இங்க வயிறெரிஞ்சுட்டு லைக் போடணும். உங்க முதல் சனிக்கிழமைக்கு திசை என்னன்னு நீங்க எழுதல, ஆனா எனக்கென்னமோ செகண்டும் கம்மி, திசையும் தப்புன்னுதான் தோணுது.

இன்னொண்ணு, ஆப்ல போடற உயரம் எல்லா அலையோட உயரமும் இல்ல. வர்ற அலைகள்ல பெரிய மூணுல ஒரு பங்கை எடுத்து அதோட சராசரியைத்தான் போடுவாங்க. நடுவுல எப்பயாச்சும் அதைப் போல ரெண்டு மடங்கு கிட்ட ஒண்ணு வரும். அதனாலதான் நான் எறங்கறதுக்கு முன்னாடி கால் மணி நேரமாச்சும் சும்மா உக்காந்து பாக்கச் சொல்றேன், பெரிய அலைங்க கூட்டமா வந்துட்டு அப்புறம் கொஞ்ச நேரம் அமைதியா இருக்கும், அந்த அமைதியில எறங்கினவங்கதான் காதுல மணலோட எழுதறாங்க.

ஆடி மாசம் கடல் பக்கமே போகாதேன்னு பாட்டி திட்டறாங்க. ஆடிக்காத்துல அம்மியே பறக்குமாமே, நான் எம்மாத்திரம்?
– கல்லூரி மாணவி, தாம்பரம்

பாட்டி சொல்றது தப்பில்லம்மா, ஆனா அந்தக் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க. ஆடிக்காத்து மேக்காத்து, தரையிலேர்ந்து கடலுக்குப் போகுது. நம்ம கரை கிழக்கு பாத்த கரை, அதனால வர்ற அலையோட மூஞ்சில எதிர்க்க அடிச்சு அது சட்டுனு கவுந்துடாம நிமுத்தி வெச்சுக்கும், அலை உச்சியிலேர்ந்து சாரல் பின்பக்கமா பறக்கும், பாக்கவே அவ்ளோ அழகா இருக்கும். அந்தப் பக்கம் கேரளாக்காரங்களுக்கு இதே காத்து கடல்லேர்ந்து கரைக்கு அடிச்சு எல்லாத்தையும் குழப்பி விட்டுட்டிருக்கும்போது நமக்கு இங்க சீசன். மாமல்லபுரத்துல 2023-ல நடந்த உலக சர்ஃப் லீக் போட்டியும் சரி, 2025-ல நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பும் சரி, ரெண்டுமே ஆகஸ்ட்லதான் வெச்சாங்க, சும்மா இல்ல. அந்த 2025 போட்டியிலதான் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வாங்கினாரு, ஆசிய சாம்பியன்ஷிப்ல தனிநபர் பிரிவுல இந்தியாவுக்கு அதுதான் முதல் மெடல்.

மத்தியானம் ஒரு மணி, ரெண்டு மணிக்கு மேல கடக்காத்து உள்ள வந்துடும், அப்ப ஊருக்கெல்லாம் ஜில்லுனு இருக்கும், நமக்கு அலை கெட்டுப்போயிடும். மேக்காத்து பலமா இருக்கற நாள்ல கடக்காத்து லேட்டாதான் வரும், சில நாள் வராமயே போயிடும், சென்னை வெயில்ல வெந்துட்டிருக்கும்போது கோவளத்துல நாள் பூரா கண்ணாடி மாதிரி அலை. பாட்டி பயம் ஒரு விஷயத்துல நியாயம், மேக்காத்து பலமா இருந்தா ஒரு சின்ன போர்டுல படுத்துட்டு இருக்கறவங்களை அது மெதுவா கடலுக்குள்ள தள்ளிட்டே இருக்கும், கரையில ஏதாச்சும் ஒரு அடையாளம் வெச்சு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கோங்க. சாயங்காலம் மேற்கே கருக்கல் கட்டி இடி கேட்டா பேசாம வெளிய வந்துடுங்க, ஆடி ஆவணில நமக்கு மழை அப்படித்தான் வரும், திடீர்னு.

ஒன்பது வயசுப் பையன், சர்ஃபிங் கத்துக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். எந்த மாசம் அனுப்பலாம்? நீச்சல் அரைகுறையாதான் தெரியும்.
– ஒரு அம்மா, பெரம்பூர்

அக்கா, முதல்ல அந்த அரைகுறையை முழுசாக்குங்க, நீச்சல்குளத்துல ரெண்டு மாசம். அதுக்கப்புறம் தை, மாசி, பங்குனி. அந்த மூணு மாசம் அலை முழங்காலுக்கு இடுப்புக்கு இருக்கும், காத்தும் சாது, பெரியவங்களுக்கு போரடிக்கும், சின்னப் பசங்களுக்கு அதுதான் சரி. சித்திரை வைகாசில தெக்காத்து கரையோரமா இழுத்துட்டு அடிக்கும், தண்ணி ஓட்டமும் வடக்கால வேகமா இருக்கும், பையன் எறங்கின எடத்துலேர்ந்து நூறு மீட்டர் தள்ளி வெளிய வருவான், வெயில் வேற. ஆனிலேர்ந்து புரட்டாசி வரை கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு. ஐப்பசி கார்த்திகைல தயவு செஞ்சு வேணாம். போர்டு கேட்டா ஸ்பாஞ்ச் போர்டு கேளுங்க, காலோட கட்டற கயிறு நல்லா இருக்கான்னு நீங்களே ஒரு தடவை இழுத்துப் பாருங்க, ஒரு பயிற்சியாளர் தண்ணிக்குள்ள எத்தனை பசங்களைப் பாத்துக்கறாருன்னு கேளுங்க, சங்கடப்படாம கேளுங்க.

வெட்சூட் வாங்கணுமா?
– அண்ணாநகர் வாசகர்

சார், நம்ம கடல் வருஷத்துல பாதி நாள் 28, 29 டிகிரி. வெட்சூட்டுங்கறது குளிர்கடலுக்குப் போடற ரப்பர் உடுப்பு, இங்க அதுல வெந்துடுவீங்க. ரேஷ் கார்டுன்னு உடம்போட ஒட்டற மெல்லிய சட்டை, முழுக்கை வெச்சது ஒண்ணு போதும், வெயிலுக்கும் ஆச்சு, போர்டுல வயிறு தேயாமலும் இருக்கும். மேக்காத்து பலமா அடிக்கற சில நாள்ல மட்டும் மேல் தண்ணியைக் கடலுக்குத் தள்ளிட்டு அடித்தண்ணி மேல வரும், அன்னைக்கு திடீர்னு ஜில்லுனு இருக்கும், ஐஸ் பெட்டிக்குள்ள எறங்கின மாதிரி, ரெண்டு நாள்ல சரியாயிடும். சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டா மணல் போட்டுத் தேய்க்காதீங்க, கடல்தண்ணியாலயே கழுவி விடுங்க, மூச்சு திணறினா உடனே ஆஸ்பத்திரி.

நாங்க சர்ஃபிங் எல்லாம் பண்ண மாட்டோம் அண்ணா, ஹாஸ்டல் பசங்க ஆறு பேர் சூரிய உதயம் பாத்துட்டு குளிக்கலாம்னு வர்றோம். அலை அடிக்காத அமைதியான எடம் எதுன்னு சொன்னா அங்க எறங்குவோம்.
– பொறியியல் மாணவர், கேளம்பாக்கம்

இந்தக் கேள்வியைப் படிச்சதும் டீயை கீழ வெச்சுட்டேன். தம்பிங்களா, ரெண்டு பக்கமும் அலை உடையுது, நடுவுல ஒரு எடத்துல மட்டும் உடையாம தண்ணி கொஞ்சம் கருப்பா, அமைதியா இருக்குன்னா அங்கதான் எறங்கவே கூடாது. கரைக்கு வந்த தண்ணி எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி வேணும்ல, அந்த வழி அதுதான், மணலைத் தோண்டி ஒரு வாய்க்கால் மாதிரி போட்டு வெச்சிருக்கும், அதனாலதான் அங்க ஆழம், அதனாலதான் அலை உடையல. கல்லு கொட்டின தடுப்புக்குப் பக்கத்துல கிட்டத்தட்ட எப்பவுமே ஒண்ணு இருக்கும். நீச்சல் சாம்பியனே எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாத வேகத்துல இழுக்கும், ஆனா கீழ இழுக்காது, வெளிய தள்ளும், அவ்ளோதான். மாட்டினா கரையைப் பாத்து நீந்தாதீங்க, மிதங்க, கையைத் தூக்கி ஆட்டுங்க, தெம்பு இருந்தா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அலை உடையற பக்கம் போயிடுங்க, அந்த அலையே உங்களைத் தள்ளிட்டு வந்து கரையில போடும். ஒருத்தன் மாட்டினா இன்னொருத்தன் வெறுங்கையோட குதிக்கறதாலதான் ஒரு சாவு மூணு சாவா ஆகுது, கேன், டியூப், போர்டு, மிதக்கற எதையாச்சும் தூக்கிப் போடுங்க, கத்துங்க, குப்பத்து ஆளுங்க பக்கத்துலயேதான் இருப்பாங்க.

இன்னொரு சமாச்சாரம், கள்ளக்கடல். மலையாளத்துலேர்ந்து வந்த பேரு, திருட்டுத்தனமா வர்ற கடல்னு அர்த்தம். மேல சொன்னேன்ல, தூரத்துப் புயல்ல பொறந்த நீள அலை, அது ரொம்பப் பெருசா வந்தா இங்க காத்தும் இருக்காது மழையும் இருக்காது, வானம் தெளிவா இருக்கும், கடல் மட்டும் திடீர்னு ஏறி அடிக்கும். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவங்க அப்படித்தான் போயிட்டாங்க, எச்சரிக்கை ஏற்கனவே குடுத்திருந்தாங்க. ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற மத்திய அரசு கடல் தகவல் மையம்தான் இந்த எச்சரிக்கையைக் குடுக்கறது, நியூஸ்ல "கள்ளக்கடல்"னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அன்னைக்கு சூரிய உதயத்தை ரோட்டு மேல நின்னு பாருங்க, அங்கேர்ந்தும் அதே சூரியன்தான்.

புயல் வரும்போதுதான் பெரிய பெரிய அலை வருமாமே? வெளிநாட்டுல எல்லாம் புயலுக்குக் காத்திருந்து சர்ஃப் பண்றாங்களே.
– வாசகர், அடையாறு

வருது, பொய் சொல்ல மாட்டேன். புயல் ஆழ்கடல்ல இருக்கும்போதே, கரைக்கு வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி அதோட அலை முதல்ல வந்துடும். அந்த ஒரு காலை வேளையில நல்லா தெரிஞ்ச உள்ளூர்ப் பசங்க ரெண்டு மூணு பேர் எறங்கறதைப் பாத்திருக்கேன், அவங்களுக்கு அந்தக் கரையில எந்தக் கல்லு எங்க இருக்குன்னு தெரியும், நமக்குத் தெரியாது. வாடை ஆரம்பிச்சா காத்து கடல்லேர்ந்து கரைக்கு அடிக்கும், அலைக்கு வரிசையே இருக்காது, நாலாப்பக்கமும் இடிச்சுக்கிட்டு சோத்துப்பானை கொதிக்கற மாதிரி இருக்கும், தண்ணி ஓட்டமும் திரும்பி தெக்கால ஓடும். துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தறதும் பாருங்க, 1-ஆம் நம்பர்னா தூரத்துல ஏதோ உருவாகுதுன்னு அர்த்தம், அப்பவே போர்டைத் தொடைச்சு பரண்ல வெச்சுடுங்க. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துல கரை கடந்துச்சே, மறுநாள் போய்ப் பாத்தா நாங்க வழக்கமா உக்கார்ற மணல் மேடே இல்ல, ஆள் உயரத்துக்கு வெட்டி எடுத்த மாதிரி இருந்துச்சு.

மழை விட்டதுக்கப்புறமும் ரெண்டு மூணு நாள் பொறுங்க. பள்ளிக்கரணைப் பக்கத்துத் தண்ணி, ஓஎம்ஆர் தண்ணி எல்லாம் பக்கிங்ஹாம் கால்வாய் வழியா வந்து முட்டுக்காடு, கோவளம் முகத்துவாரத்துலதான் கடல்ல சேருது. சுத்தமான பீச்சுன்னு நீலக்கொடிச் சான்று வாங்கின கரைதான், 2021-ல குடுத்தாங்க, அதுக்காக சாக்கடை வேற வழியா போயிடாது.

பாண்டிச்சேரியில எங்க சின்ன வயசுல இருந்த மணலே இல்ல. கோவளத்துலயும் அலை மாறிடுச்சுன்னு சொல்றாங்களே, கல்லு கொட்டினதாலயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுச்சேரி

ஐயா, நம்ம கரையில மணல் சும்மா கிடக்கறதில்ல, நடந்துட்டே இருக்கும். வருஷத்துல பெரும்பாலான மாசம் தெக்குலேர்ந்து வடக்கா, வாடை மாசத்துல மட்டும் வடக்குலேர்ந்து தெக்கா. குப்பத்துல தெக்குலேர்ந்து வடக்கே போற ஓட்டத்தை தெண்டின்னும் திரும்பி வர்றதை வன்னின்னும் சொல்வாங்க. நடுவுல யாராச்சும் கல்லுச்சுவர் போட்டா தெக்குப் பக்கம் மணல் தேங்கும், வடக்குப் பக்கம் பட்டினி. சென்னைத் துறைமுகம் கட்டினதாலதான் மெரினா இவ்ளோ அகலம், அதே காரணத்தாலதான் ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள்ள வந்துச்சு. உங்க ஊர்ல 1989-ல துறைமுகத்துக்குக் கல்லு போட்டாங்க, மணல் போச்சு, அப்புறம் என்ஐஓடிங்கற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்து ஆளுங்க தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல கடலுக்கடியில ஒரு செயற்கைத் திட்டு போட்டு அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் மீட்டாங்க. அலை உடையறதே அடியில மணல் எப்படிக் கிடக்குங்கறதை வெச்சுதான், மணல் மாறினா அலை மாறும். கோவளத்துலயும் கல்லு இருக்கு, ஒரு வருஷம் நல்லா உடைஞ்ச எடம் அடுத்த வருஷம் உடையல, பத்தடி தள்ளி வேற எங்கயோ உடையுது. இதுல எனக்கு வருத்தம்தான், ஆனா குப்பத்துல வீட்டு வாசல் வரைக்கும் தண்ணி வந்த ஆளுகிட்ட போய் கல்லு போடாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

சர்ஃப் பண்ற பசங்க வலை போட்டிருக்கற எடத்துல குறுக்க குறுக்க வர்றாங்க, சொன்னா மொறைக்கறாங்க. இதையும் உங்க பத்திரிகையில போடுங்க.
– மீனவர், கோவளம்

போட்டாச்சுண்ணே. காலையில கரைவலை இழுக்கற நேரத்துல கயிறு கடலுக்குள்ள ரொம்ப தூரம் போயிருக்கும், மேல ஒண்ணுமே தெரியாது, அதுல போர்டோட கால் கயிறு சிக்கினா ரெண்டு பேருக்கும் ஆபத்து. படகு கரை ஏறும்போது அலையை வெச்சுதான் ஏறும், அதுக்கு பிரேக் கிடையாது. அதனால தம்பிங்களா தங்கச்சிங்களா, வலை போட்டிருந்தா தள்ளிப் போங்க, படகு வந்தா ஒதுங்குங்க, மொறைக்காதீங்க. இன்னைக்கு அங்க நல்லா சர்ஃப் பண்ற பசங்கள்ல நிறைய பேர் அந்த குப்பத்துலயே பொறந்தவங்கதான், கட்டுமரத்து ஒடைஞ்ச பலகையில படுத்து அலை ஏறினவங்க.

கடைசியா ஒரே வரியில சொல்லுங்க, இந்த ஆடி ஆவணி எப்படி இருக்கும், நாளைக்கு வரலாமா வேணாமான்னு நானே எப்படிப் பாத்துக்கறது?
– பல பேர் கேட்டது

ஒரே வரியில முடியாது. வழக்கமான வருஷம்னா ஆடி ஆவணி ரெண்டுமே காலை வேளை சுத்தமா இருக்கும், இடுப்புலேர்ந்து நெஞ்சு உயரம், நடுவுல மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை தலை உயரத்துக்கு வரும், அது ரெண்டு மூணு நாள் நிக்கும். புரட்டாசி கடைசிலேர்ந்து மேக்காத்து தளர ஆரம்பிக்கும், ஐப்பசி முதல் வாரத்தை ஒட்டி, அக்டோபர் 20 வாக்குல வடகிழக்குப் பருவமழை தொடங்கறதுதான் சராசரிக் கணக்கு, அதோட கடையை மூடிட வேண்டியதுதான். நாளைக்குன்னா முந்தின ராத்திரி ஆப்ல செகண்டைப் பாருங்க, 10-க்கு மேல இருக்கா, திசை தென்கிழக்குப் பக்கம் சாஞ்சிருக்கா, காலையில காத்து மேற்கா, மூணும் ஆமான்னா அலாரம் வைங்க. இன்காய்ஸ் எச்சரிக்கையையும் ஒரு தடவை பாத்துடுங்க. நம்ம கரையில ஏத்தவத்தம், அதாவது கடல் மட்டம் ஏறி எறங்கறது, ஒரு மீட்டர் சுமாருதான், பெருசா மண்டையைக் குழப்பிக்க வேணாம், அமாவாசை பௌர்ணமிக்கு மட்டும் வத்தும்போது கல்லு வெளிய தெரியும், கால் கவனம்.

வந்து எறங்கினதும் போனை உள்ள வெச்சுட்டு தென்னை மரத்தைப் பாருங்க. ஓலை கடல் பக்கம் சாஞ்சு ஆடினா போர்டுக்கு மெழுகு தேய்ங்க. ஊர் பக்கம் சாஞ்சு ஆடினா டீக்கடைக்கு வந்துடுங்க, நான் அங்கதான் இருப்பேன்.